வெயில் எந்தப் பக்கம்?

வீட்டில் காய்கறித் தோட்டம் போட்டுத் தரச் சொல்லி என்னை அழைப்பவர்கள் முதலில் பேசுவது மண்ணைப் பற்றித்தான். எத்தனை லோடு செம்மண் இறக்க வேண்டும், பை வாங்குவதா தொட்டி வாங்குவதா, மண்புழு உரம் எங்கே மலிவு. நான் திருப்பிக் கேட்பது வேறு. வாசல் எந்தத் திசை பார்த்தது? பக்கத்து வீடு எத்தனை மாடி? வீட்டுக்குப் பின்னால் உள்ள பொடக்காலி வடக்கே கிடக்கிறதா, தெற்கே கிடக்கிறதா? இதற்குப் பதில் தெரியாமல் ஒரு கூடை மண்ணைக்கூட இறக்க விடமாட்டேன்.

கோயம்புத்தூரின் மேற்குப் பக்கம், வடவள்ளி, தொண்டாமுத்தூர் ரோடு, மருதமலை அடிவாரம் என்று இந்தச் சுற்று வட்டாரத்தில் வீட்டுத்தோட்டம் அமைத்துக் கொடுப்பதும், பிறகு அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொள்வதும் என் பிழைப்பு. இங்கே பெரும்பாலும் நாலு சென்ட், ஐந்து சென்ட் மனைகள். வீடு, கார் நிறுத்தும் இடம், செப்டிக் டேங்க், போர்க்குழாய் எல்லாம் போகப் பின்னால் அரை சென்ட்டோ முக்கால் சென்ட்டோ மிஞ்சும். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி சொச்சம். முக்கால் சென்ட் என்றால் 300 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே. நாலு பேர் உள்ள குடும்பத்தின் அடுப்புக்கு அந்த இடத்திலிருந்து தினமும் ஏதாவது ஒன்று போக வேண்டும். அதுதான் நான் எடுத்துக்கொள்கிற வேலை.

வருடம் முழுக்க வெயில் ஒரே பக்கத்திலிருந்து வருவதாகத்தான் வீட்டில் இருப்பவர்கள் நினைத்திருப்பார்கள். கோவை 11 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்தில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். பிறகு வடக்கே சாய்ந்து, வைகாசி, ஆனி, ஆடி மூன்று மாதமும் அந்தப் பக்கமே இருந்து, ஆவணி முதல் வாரத்தில் மறுபடி உச்சிக்கு வந்து தெற்கே இறங்கத் தொடங்கும். மார்கழி முதல் வாரத்தில் தெற்குக் கோடிக்குப் போய்விடும். அன்றைக்கு 10 அடிச் சுவரின் நிழல் நடுப்பகலிலேயே வடக்கே 7 அடி விழும். 20 அடி உயர மாடி வீடு என்றால் 14 அடி.

இப்போது தெற்குப் பார்த்த வாசல் உள்ள வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பொடக்காலி வடக்கே. ஆடியில் ஊன்றிய விதை நல்ல வெயிலில் முளைத்துக் கிடுகிடுவென்று எழும்பும். காய்த்துத் தள்ள வேண்டிய ஐப்பசி, கார்த்திகையில் தோட்டம் முழுவதும் வீட்டின் நிழலுக்குள் போய்விடும். செடி உயரும், இலை அகலும், பூ மட்டும் நிற்காது. சத்துப் போதவில்லை என்று வீட்டுக்காரர் இன்னும் எரு அள்ளிப் போடுவார். இலை இன்னும் அகலும். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் என்னைக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேரின் குறை இதுதான். அவர்கள் மண்ணிலும் கோளாறு இல்லை, விதையிலும் கோளாறு இல்லை.

அதனால் ஒரு வீட்டு வேலையை ஒப்புக்கொண்டதும் நாடாவைப் பிடித்துச் சுவர்களின் உயரத்தை அளந்துகொள்வேன். உயரத்தில் பத்தில் ஏழு பங்கை வடக்கே தரையில் அளந்து சுண்ணாம்புக் கோடு போடுவேன். அந்தக் கோட்டுக்கு உட்பட்ட இடம் பங்குனியிலிருந்து ஆவணி வரை காய்கறிக்கு. மற்ற மாதங்களில் நிழலைப் பொறுக்கிற பயிருக்கு. வைகாசி கடைசியில் மஞ்சளும் இஞ்சியும் அங்கே ஊன்றினால் மழைக்காலத்து நிழல் அவற்றை ஒன்றும் செய்யாது. தைப் பொங்கலுக்கு மஞ்சள் கொத்து வீட்டிலேயே கிடைக்கும். சேம்பு, புதினா, பொன்னாங்கண்ணி எல்லாம் அரை நிழலில் நன்றாகவே வரும். கோட்டுக்கு வெளியே எஞ்சிய நிலமும், வீட்டின் தெற்குச் சுவர் ஓரமும், மொட்டை மாடியும்தான் குளிர்காலக் காய்க்கு. இந்தக் கோடு போட்டு முடிந்ததும் பாதித் தோட்டம் முடிந்த மாதிரி எனக்கு இருக்கும்.

வெயிலுக்கு அடுத்தது காற்று. வெளியூர்க்காரர்களுக்கு இது அவ்வளவாகப் புரியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வரும் மேல்காற்று மொட்டை மாடியில் ஒரு பையைக்கூட நிற்க விடாது. செடி சாய்வது கண்ணுக்குத் தெரியும். இலை வழியாக நீர் வற்றுவது தெரியாது. வானம் மூடிக்கொண்டு, சாரல் அடித்து, குளிர்ச்சியாக இருக்கிற நாளில்கூடக் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் காய்ந்திருக்கும். மேற்குக் கைப்பிடிச் சுவர் ஓரமாக நிழல்வலையை நாலடி உயரத்துக்குக் கட்டிக் காற்றை வடிகட்டி விடுவேன். தார்ப்பாய் கட்டினால் காற்று மேலே ஏறிக் குதித்துப் பின்னால் இருக்கிற செடியைச் சுழற்றி அடிக்கும். ஓட்டை உள்ள வலைதான் சரி. பந்தலையும் ஆறடிக்கு மேல் உயர்த்த மாட்டேன்.

மாடித்தோட்டம் இந்த ஊரில் பரவலானதற்கு அரசின் திட்டம் ஒரு முக்கியக் காரணம். 2013-14 வாக்கில் தோட்டக்கலைத் துறை சென்னைக்கும் கோவைக்கும் மாடித்தோட்டத் தொகுப்பை மானிய விலையில் கொடுத்தது. பை, தென்னை நார்க்கழிவு, விதை, உயிர் உரம் எல்லாம் ஒன்றாக. அதுவரை செம்பருத்தியும் துளசியும் மட்டும் வைத்திருந்த வீடுகளில் கத்தரியும் தக்காளியும் ஏறியது அப்போதுதான். எனக்கும் அந்த வருடங்களில்தான் வேலை கூடியது. நார்க்கழிவு நல்ல பொருள். மாடிக்குக் கனம் கூட்டாது. ஒரு கன அடி ஈர மண் ஏறக்குறைய 50 கிலோ இருக்கும், அதைப் பத்துப் பதினைந்து பையில் நிரப்பி மாடியின் நடுவில் ஒரே இடத்தில் குவிப்பது கட்டடத்துக்கு நல்லதில்லை. ஆனால் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் நார்க்கட்டியில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, திரும்ப ஊறவைத்துப் பிழிந்து, அதற்குப் பிறகுதான் பையில் போட வேண்டும். மண், மக்கிய எரு, நார்க்கழிவு மூன்றும் சம அளவு, கூட ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பைகளைச் சுவர் ஓரமாகவும் அடியில் பீம் ஓடும் வரிசையிலும் வைப்பேன். நேரே தளத்தில் வைக்காமல் செங்கல்லின் மேல் தூக்கி வைப்பேன். அடியில் தண்ணீர் தேங்கவும் கூடாது, தளம் ஊறவும் கூடாது.

தரையில் போடும் தோட்டத்துக்கு வேறு வேலை. புதிதாகக் கட்டிய வீட்டின் பின்புறத்தைத் தோண்டினால் மண் வருவதற்கு முன்னால் சிமெண்டுப் பாளமும் உடைந்த டைல்ஸும் வயர்த்துண்டும் வரும். ஒன்றரை அடி ஆழம் வரை அதை எல்லாம் பொறுக்கி எடுக்காமல் மேலே நல்ல மண்ணைப் பரப்பிப் பிரயோசனம் இல்லை. கீழே சுண்ணாம்பும் சிமெண்டும் கிடந்தால் செடி வெளுத்துக்கொண்டே இருக்கும். சுத்தம் செய்த பிறகு பலதானியம் விதைக்கச் சொல்வேன். சோளம், கம்பு, உளுந்து, தட்டை, எள்ளு, கொள்ளு, சணப்பை என்று கிடைப்பதை எல்லாம் கலந்து நெருக்கமாகத் தூவி, பூ எடுக்கும் சமயத்தில் பிடுங்கி அங்கேயே மடக்கிவிடுவது. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொன்ன வழி இது. 2013 டிசம்பரில் அவர் காலமாகும் வரைக்கும் இதை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் காய் ஒன்றும் வராதே என்று வீட்டுக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள். இந்த இரண்டு மாதத்தை விட்டுக்கொடுக்க முடியாது என்று நான் கண்டிப்பாக நிற்பேன். இதற்குப் பிறகு ஐந்தாறு வருடத்துக்கு அந்த மண் மம்முட்டிக்கு விட்டுக்கொடுக்கும்.

எங்கள் வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. சிறுவாணிக் குழாயில் வருவது நல்ல தண்ணி, போரில் வருவது உப்புத் தண்ணி. நல்ல தண்ணியைச் செடிக்கு ஊற்ற எந்த வீட்டிலும் மனசு வராது, வரவும் கூடாது. உப்புத் தண்ணியிலேயேதான் தோட்டத்தை ஓட்ட வேண்டும். ஓட்ட முடியும். பையின் மேல்மண்ணில் வெள்ளையாகப் பூத்தாலும், இலை ஓரம் மட்டும் தீய்ந்தாலும் உப்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதை நிறுத்தி, பையின் அடியிலிருந்து வடிந்து ஓடும் வரை ஒரே தடவையாக ஊற்ற வேண்டும். ஐப்பசி மழை அந்த வேலையை நமக்காகச் செய்யும். அந்த மழையில் பைகளை மூடி வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. குடிநீர் சுத்திகரிக்கும் கருவியிலிருந்து கழிவாக வருகிற தண்ணீரைச் செடிக்கு விடலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். போர்த் தண்ணீரைச் சுத்திகரித்தால் அதன் உப்பெல்லாம் அந்தக் கழிவில்தான் கூடியிருக்கும். அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளச் சொல்வேன். குளித்த தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும். அரிசி கழுவிய தண்ணீர், பருப்புக் கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு. கீரைக்குச் சோப்புத் தண்ணீர் கூடவே கூடாது.

இனிமேல் என்ன போடுவது என்ற பேச்சு. இங்கேதான் வாடிக்கையாளருக்கும் எனக்கும் அதிகமாக இழுபறி நடக்கும். அவர்களிடம் நீண்ட பட்டியல் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு செடி, இரண்டு செடி. "எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வெச்சுருவோங்க அக்கா, ஆசையா இருக்குது" என்பார்கள். நான் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டுவேன். நல்ல காய்ப்பில் இருக்கிற வெண்டைச் செடி இரண்டு நாளைக்கு ஒரு காய் கொடுக்கும். இரண்டு செடி வைத்தால் ஒரு நாளைக்கு ஒரு காய். அதை வைத்துக்கொண்டு என்ன சமைப்பது? இருபது செடி வைத்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை இருபது காய், நாலு பேருக்கு ஒரு பொரியல். இருபது செடிக்கு வேண்டிய இடம் முப்பது சதுர அடி. மிளகாய்க்கு நாலு செடி போதும். கத்தரிக்கு ஆறு. கொடிக்காய் என்றால் பந்தலுக்கு இரண்டு கொடி. கறிவேப்பிலை ஒன்று, முருங்கை ஒன்று, பப்பாளி ஒன்று. கீரைக்கு மூன்று பாத்தி, ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாள் இடைவெளி விட்டு விட்டு. வகை குறைவாகவும் செடி போதுமான அளவிலும் இருந்தால்தான் தோட்டம் அடுப்புக்கு வரும். பிராக்கோலியும் ஸ்ட்ராபெரியும் வேண்டும் என்று வற்புறுத்தியவர் ஒருவர், ஓய்வுபெற்ற அதிகாரி. இரண்டு பையை அவர் ஆசைக்கு விட்டுவிட்டு மீதியில் என் வெண்டையைப் போட்டேன். அடுத்த வருடம் அந்த இரண்டு பையிலும் வெண்டையையே போடச் சொல்லிவிட்டார்.

கீரையை எல்லாரும் சுலபம் என்பார்கள். விதைத்துவிட்டு வந்தால் பாதிப் பாத்தி சொட்டையாக இருக்கும். எறும்பு இழுத்துக்கொண்டு போயிருக்கும். எங்கள் அப்பத்தா கீரை விதை தூவும்போது பாத்தியைச் சுற்றிக் குருணை அரிசியையும் போட்டுவிடும். எறும்பு அதைத் தூக்கிக்கொண்டு போகிற வேலையில் இருக்கும்போது விதை முளைத்துவிடும். நான் இப்போது ரவையைப் போடுகிறேன். விதை மிகப் பொடி என்பதால் நாலு மடங்கு காய்ந்த மணலோடு கலந்துதான் தூவ வேண்டும், மேலே அரை விரல் மண்கூட வேண்டாம், துடைப்பத்தால் லேசாக வருடிவிட்டால் போதும். முளைக்கீரையை வேரோடு பிடுங்கிவிடுவோம். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் தழையும், விதைத்த ஒரு மாதத்தில் முதல் அறுப்பு, பிறகு பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை. இடம் குறைந்தவர்களுக்கு நான் அரைக்கீரையைத்தான் சொல்வேன். மணத்தக்காளியை யாரும் விதைக்கவே வேண்டாம். குருவி கொண்டுவந்து போட்டுவிடும், பிடுங்காமல் விட்டால் போதும்.

கொடிக்காய்களைப் பற்றி வரும் போன்தான் அதிகம். "அக்கா, இத்தன பூ பூக்குதுங்க, ஒண்ணுகூட நிக்க மாட்டீங்குது" என்பார்கள். எந்தக் கொடி என்று கேட்பேன். பீர்க்கை என்றால், "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நானே வாரேனுங்க, அதுவரைக்கும் ஒண்ணும் தெளிச்சுப் போடாதீங்க" என்று சொல்லிவிடுவேன். பீர்க்கம்பூ மாலையில்தான் விரியும். சுரைக்காயின் வெள்ளைப் பூவும் பொழுது சாயும்போதுதான் விரியும். புடலம்பூ, ஓரத்தில் நூல் நூலாகத் தொங்குமே, அது இன்னும் இருட்டிய பிறகு. இவற்றைத் தேடி வருவது அந்துப்பூச்சிகள். பகலில் திரியும் தேனீக்கு இந்தப் பூக்களோடு பெரிய உறவு கிடையாது. பாகல் விடியற்காலையில் விரியும், பூசணி பொழுது புலரும்போது விரிந்து மத்தியானத்துக்குள் மூடிவிடும், அவை தேனீக்கானவை. மூன்றாவது மாடியில் விளக்கைப் போட்டுக்கொண்டு இருக்கிற வீட்டுக்கு அந்துப்பூச்சி வராவிட்டால் அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். பூவின் அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண் பூ, வெறும் காம்பு இருந்தால் ஆண் பூ. அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் தொட்டு எடுக்க வேண்டும். நாலாம் நாள் அந்தப் பிஞ்சு தடித்திருக்கும். இதை ஒருமுறை தன் கையால் செய்து பார்த்த பிள்ளைகள் அதற்குப் பிறகு மாலையானால் மாடிக்கு ஓடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

பிஞ்சு நின்ற பிறகு பழ ஈயிடமிருந்து காப்பாற்ற வேண்டும். பிஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே முட்டை வைத்துவிடும், காய் கோணிக்கொண்டு அழுகும். விரல் நீளம் வந்ததும் பழைய செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டிப் போர்த்திவிடுவதே எனக்குத் தெரிந்து உறுதியான வழி. சொத்தை விழுந்த காயைத் தோட்டத்திலேயே எறியக் கூடாது. அதன் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகித் திரும்ப ஈயாக வரும். பாலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி வெயிலில் வைத்துவிட வேண்டும். புடலை சுருளாமல் நீள ஒரு சிறு கல்லை நுனியில் கட்டித் தொங்கவிடுவது நம்மவர்களுக்கு எல்லாம் தெரிந்ததே.

அவரைக்கு மட்டும் நான் பட்டத்தை மீறவே மாட்டேன். எங்கள் பக்கத்துப் பந்தல் அவரை பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கிற பயிர். ஆடியில் ஊன்றினால் நாலு மாதம் கொடி ஓடி, பகல் குறுகும் கார்த்திகையில் பூ எடுத்து, மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் கொத்துக் கொத்தாகக் கொடுக்கும். அதே விதையைத் தையில் ஊன்றினால் வெறும் கொடிதான், காய்க்கு அடுத்த மார்கழி வரை காத்திருக்க வேண்டும். எந்தக் கரைசலும் இதை மாற்றாது. பொறுமை இல்லாதவர்களுக்குக் குத்தவரை உண்டு. நாளின் நீளத்தைப் பார்க்காமல் காய்க்கும் கோ ரகங்கள் இந்த ஊர் வேளாண் பல்கலைக்கழகத்திலேயே உருவானவை. ருசியில் எனக்குப் பந்தல் அவரைதான். பனிக்காலத்தில் அசுவினி கறுப்பாக அப்பிக்கொள்ளும். காலைப் பனி ஈரம் காய்வதற்குள் சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவினால் அடங்கும். அசுவினி இருக்கிற இடத்துக்குப் பொறிவண்டு தானாக வரும், அதன் புழு முதலையைச் சிறிதாக்கினாற்போல் கறுப்பும் ஆரஞ்சுமாக இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து நசுக்கிவிடாதீர்கள் என்று எல்லா வீட்டிலும் சொல்லி வைப்பேன். பொறிவண்டைப் போலவே அதன் புழுவும் அசுவினியைத் தின்னும்.

கத்தரியில் நுனி தொங்கினால் அது தண்ணீர்த் தாகம் என்று எண்ணி ஊற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. ஒரே ஒரு கொழுந்து மட்டும் தொங்கினால் உள்ளே தண்டுத்துளைப்பான் புழு இருக்கிறது. தொங்கும் இடத்துக்கு இரண்டு விரல் கீழே வெட்டி எடுத்து அழித்துவிட வேண்டும். வாரம் இருமுறை இதை மட்டும் செய்து, மருந்தே அடிக்காமல் கத்தரி எடுக்கும் வீடுகள் இருக்கின்றன. ஆறு செடியில் இது ஐந்து நிமிட வேலை, ஓர் ஏக்கரில் முடியாது. சின்னத் தோட்டத்துக்குக் கிடைத்த வசதி இதுதான். ஒவ்வொரு கொழுந்தையும் கண்ணால் பார்த்துவிடலாம். காய்ப்பு ஓய்ந்ததும் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து பண்ணி எரு போட்டால் இரண்டாம் காய்ப்பு வரும்.

பூச்சியைப் பற்றி என் எண்ணத்தை மாற்றியது 2008. அந்த வருடம் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் கண்ணில் பட்டது. மெக்ஸிகோ பக்கத்துப் பூச்சி அது. எப்படியோ இங்கே வந்து இறங்கிவிட்டது. பப்பாளிக் காய் முழுக்கச் சுண்ணாம்பு பூசினதுபோல் வெள்ளை, இலையில் ஒட்டும் பிசின், அதன் மேல் கரும்பூசணம். பப்பாளியோடு நிற்கவில்லை. செம்பருத்தி, கத்தரி, கொய்யா, வேலியில் கிடந்த பார்த்தீனியம் வரைக்கும் ஏறியது. ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளிக்காரர்களும், பட்டுப்புழுவுக்கு மல்பெரி வைத்திருந்தவர்களும் பட்டபாடு சொல்லி முடியாது. வீட்டுக்காரர்கள் கடைக்காரர் கொடுத்த மருந்தை எல்லாம் மாற்றி மாற்றி அடித்தார்கள். மாவுக்குள் மருந்து இறங்கவே இல்லை. நாங்கள் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, மீன் எண்ணெய் சோப்புக் கரைசல் தெளித்து, முடியாத மரங்களை வெட்டி எரித்தோம்.

2010-ல் பெங்களூரில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்தது. அவற்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவிதான் இங்கே நன்றாக நிலைத்தது. கண்ணுக்குத் தெரிவதே சிரமம், அவ்வளவு சிறிசு. மாவுப்பூச்சியின் குஞ்சுக்குள் முட்டையிடும், உள்ளேயிருந்து தின்று வெளியே வரும். பல்கலைக்கழகத்தில் அதைப் பெருக்கி ஊர் ஊராக விட்டார்கள். விட்ட இடத்தில் மருந்து அடிக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்கள். அடுத்த வருடத்துக்குள் அந்தப் பூச்சி அடங்கியது. வெறுமே நின்றிருந்த பப்பாளிகள் தளிர்த்தன. என் கையால் ஆகாத ஒன்றை அந்த அணுவளவு குளவி செய்ததைப் பார்த்த பிறகு, ஒரு வீட்டில் மருந்துப் புட்டியைக் கண்டால் அதை முதலில் வெளியே வைக்கச் சொல்லித்தான் வேலையைத் தொடங்குகிறேன். 2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தபோதும் இதையேதான் பிடித்துக்கொண்டேன். தென்னைக்கு அடியில் இருந்த செடிகளில் எல்லாம் பிசின் சொட்டிக் கறுத்துப்போனது. லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவைக் கரைத்துத் தெளித்தால், காய்ந்ததும் கரும்பூசணம் செதில் செதிலாக உரிந்து விழுந்துவிடும். அந்த வெள்ளை ஈக்கும் ஓர் ஒட்டுண்ணிக் குளவி தோட்டங்களில் தானாகப் பெருகிக்கொண்டிருந்தது.

பஞ்சகவ்யம், மீன் அமிலம், அமிர்தக் கரைசல் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்தை நானும் பயன்படுத்துகிறேன், நூற்றுக்கு மூன்று பங்கு கலந்து. வெயில் இல்லாத இடத்துச் செடிக்கும், பட்டம் தப்பிய விதைக்கும் அது மருந்தாகாது. வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு கரைசல் என்று கால அட்டவணை வைத்திருக்கும் வீடுகளில் செடிக்கு அதிகமாகச் செய்துதான் கெடுக்கிறார்கள். மாசிக் கடைசியில் ஐம்பது சதவீத நிழல்வலை கட்டுவது, பாத்தியில் காய்ந்த இலையை மூன்று விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுவது, இந்த இரண்டும் அந்தக் கரைசல் எல்லாவற்றையும் விட அதிகமாகக் காப்பாற்றும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் தக்காளிப் பூ உதிரத்தான் செய்யும். சித்திரையில் தக்காளிக்குப் போராட வேண்டாம். புரட்டாசியில் நாற்று விட்டால் தையில் கூடை கூடையாக வரும். சித்திரை வெயிலுக்குக் கொத்தவரை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை இருக்கின்றன.

விதையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தொண்டாமுத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துச் சாளையில் அப்பத்தா விதையை எங்கே வைத்திருக்கும் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். அடுப்புக்கு மேலே புகை படும் பரணில், சாம்பல் கலந்த மண்கலயங்களில். சுரையும் பீர்க்கையும் கொடியிலேயே காய்ந்து, அசைத்தால் உள்ளே கடகடவென்று சத்தம் வரும் வரை பறிக்க விடாது. விதைக்கென்று விடுவதும் முதல் காயோ கடைசிக் காயோ கிடையாது. நடுக் காய்ப்பில், நல்ல கொடியில், நல்ல நீளம் உள்ள காயைப் பார்த்துத் துணி கட்டி அடையாளம் வைக்கும். "வவுத்துக்கு அப்பறம் பாத்துக்கலாங் கண்ணு, மொதல்ல வெதைக்கு" என்று சொல்லும். இன்றைக்கு என் வாடிக்கையாளர் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் பந்தல் அவரையும் குட்டைப் புடலையும் அந்தக் கலயங்களின் வழி வந்தவை. ஒரு வீட்டில் அணில் தின்றுவிட்டாலும் இன்னொரு வீட்டில் இருக்கும் என்பதற்காகவே விதையைக் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுகிறேன். ஒரே நிபந்தனை, அடுத்த மாசியில் ஒரு கைப்பிடி திருப்பித் தர வேண்டும். பல வீடுகள் நான் கேட்பதற்கு முன்பே காகிதத்தில் மடித்துப் பேரும் மாதமும் எழுதி வைத்திருக்கின்றன. கலப்பின விதைகளை நான் ஒதுக்குவதில்லை. தேமலைத் தாங்கும் வெண்டை, உடனே காய்க்கும் பப்பாளி இவையெல்லாம் வேண்டியவர்களுக்கு வாங்கித் தருகிறேன். ஆனால் பெங்களூரு ஹெசரகட்டா ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா அனாமிகா வெண்டை கலப்பின விதையே இல்லை. அதிலிருந்து நாமே விதை எடுத்துக்கொள்ளலாம்.

மாதம் எவ்வளவு மிச்சமாகும் என்று ஆண்கள் கேட்பார்கள், என்னென்ன வாங்க வேண்டாம் என்று பெண்கள் கேட்பார்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் என்னிடம் ஒழுங்கான பதில் இருக்கிறது. முக்கால் சென்ட்டும் மாடியும் சேர்ந்தால் கறிவேப்பிலை, கீரை, பச்சை மிளகாய், முருங்கைக் கீரை, புதினா இவற்றை வருடம் முழுக்க வாங்க வேண்டியதில்லை. ஆவணியிலிருந்து மாசி வரை வாரத்தில் நாலு நாள் காய் வீட்டில் இருக்கும். பங்குனி, சித்திரை, வைகாசியில் இரண்டு நாள் இருந்தால் அதிகம். சின்ன வெங்காயம், உருளை, கேரட், தேங்காய், பருப்பு எதையும் இந்த இடத்தில் எடுக்க முடியாது, எடுக்கவும் நான் முயலச் சொல்லமாட்டேன். அதற்கு ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தை இருக்கிறது. விடிகாலையில் போனால் தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்களே தட்டு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஆறு கத்தரிச் செடியைக் காப்பாற்றப் பட்ட பாடு தெரிந்தவர்கள் அங்கே போய் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுவதில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன். என் வாடிக்கையாளர் ஓர் அம்மா இப்போது கிலோ கணக்கைக் கேட்பதற்கு முன்னால், "இது எந்தப் பட்டத்துல போட்டதுங்க?" என்று கேட்கிறார். விற்கிறவரும் தராசை வைத்துவிட்டுப் பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறார். அவர்களோடு நானும் நின்று கேட்டுக்கொள்வேன், போன கார்த்திகையில் அப்படித்தான் அவரிடமிருந்து ஒரு வெள்ளைப் பாகல் விதை வாங்கி வந்தேன். அது இப்போது மூன்று வீட்டுப் பந்தலில் ஓடுகிறது.